உப்புத்தண்ணியில் தலைக்குக் குளிச்சா முடி நார் மாதிரி ஆவது ஏன்? கண்டிஷனர் செய்வது என்ன, செய்யாதது என்ன?

பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம்... ராமநாதபுரம் கடலோரத்தில் தண்ணீருக்கு ரெண்டு பேர் உண்டு. ஒண்ணு 'நல்ல தண்ணி', இன்னொண்ணு 'உப்புத்தண்ணி'. நல்ல தண்ணி குடிக்கவும் உலை வைக்கவும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ உப்புத்தண்ணி. காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2009-ல் வந்த பிறகும் பல வீடுகளில் இந்தப் பங்கீடு மாறவில்லை. குழாயில் வரும் நல்ல தண்ணியை யாரும் தலையில் ஊற்றி வீணாக்க மாட்டார்கள்.

இந்தப் பங்கீட்டில் சிக்கிக்கொள்வது தலைமுடிதான். ஷாம்பு போட்டுக் குளித்த அன்றே முடி விறைத்து நிற்கும். சீப்பு இறங்காது. நுனி பிளந்துபோகும். "இந்த ஊர் தண்ணி ஒத்துக்கலை" என்று விலை கூடின எண்ணெய், சீரம், ஷவர் ஃபில்டர், பார்லர் சிகிச்சை என ஆயிரக்கணக்கில் செலவு செய்பவர்கள் இருக்கிறார்கள்.

இதில் எது வேலை செய்யும்? எது காசுக்குக் கேடு? எது உடம்புக்கே ஆபத்து? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தண்ணியில் அப்படி என்ன இருக்கு?

நாம் 'உப்புத்தண்ணி' என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் அதில் ரெண்டு விஷயம் இருக்கிறது.

முதலாவது, கடினத்தன்மை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம்தான் இதற்குக் காரணம். இரண்டாவது, உவர்ப்பு. அதாவது சோடியம் குளோரைடு, நம்ம சமையல் உப்பு. கடலோரக் கிணறுகளில் பெரும்பாலும் ரெண்டுமே சேர்ந்து இருக்கும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதிப்படி, ஒரு லிட்டர் தண்ணீரில் கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். மொத்தக் கரைந்த உப்புகள், அதாவது டிடிஎஸ், 500-க்குள் இருக்க வேண்டும். வேறு வழியில்லை என்றால் 2000 வரை. உங்க கிணறு அல்லது போர் தண்ணீர் எந்தக் கணக்கில் வருகிறது என்பதைத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம்.

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனையும் உண்டு. ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, கொஞ்சம் சோப்புச் சீவலைப் போட்டு நல்லா குலுக்குங்க. நுரை வந்தால் சரி. நுரை வராமல் தயிர் திரிந்த மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதந்தால் அது கடினத் தண்ணீர்.

அந்த வெள்ளைத் துணுக்குதான் இங்கே முக்கியம். சோப்பும் கால்சியமும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு படிவு உண்டாகும். குளியலறை வாளியின் ஓரத்தில் பிசுக்காகப் படிவது இதுதான். குளியல் சோப்பையே தலைக்கும் போட்டால் இதே பிசுக்கு முடியிலும் படியும். அதனால் உப்புத்தண்ணி வீடுகளுக்கு முதல் பாடம்: உடம்பு சோப்பைத் தலைக்குப் போடாதீங்க. ஷாம்புவில் இருப்பது வேறு வகை அழுக்கு நீக்கி. நுரை குறையலாம், ஆனால் இந்த அளவுக்குப் பிசுக்கு ஆகாது.

முடி எப்படி சொரசொரப்பாகுது?

கண்ணுக்குத் தெரியும் முடிக்கு உயிர் கிடையாது. வேர் மட்டும்தான் தோலுக்குள் உயிரோடு இருக்கிறது. வெளியே இருப்பது கெரட்டின் என்ற புரதத்தால் ஆன இழை. அதன் மேற்புறத்தில் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அதற்கும் மேலே மெல்லிய கொழுப்புப் பூச்சு ஒன்று உண்டு. முடி வழுக்கிக்கொண்டு போவதும் மின்னுவதும் இந்தப் பூச்சால்தான்.

வெயில், உப்புக்காற்று, இழுத்துச் சீவுதல், ஹேர் டை, ப்ளீச் எல்லாம் சேர்ந்து இந்தப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடும். பூச்சு போன இடத்தில் செதில்கள் தூக்கிக்கொள்ளும். ஒரு முடியின் செதில் அடுத்த முடியில் மாட்டும். அதுதான் சிக்கு.

இதில் பலரும் யோசிக்காத கணக்கு ஒன்று இருக்கிறது. தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். உங்க முடி 50 சென்டிமீட்டர் நீளம் என்றால், நுனியில் இருக்கும் பகுதிக்கு வயது நாலு வருஷம். நாலு வருஷ வெயிலும் நாலு வருஷ உப்புத்தண்ணியும் பார்த்த முடி அது. வேர்ப்பகுதி மினுமினுப்பாக இருந்தும் நுனி மட்டும் துடைப்பம் மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பூச்சு போன இடத்தில் இன்னொன்றும் நடக்கிறது. முடியின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை கூடுகிறது. தண்ணீரில் இருக்கும் கால்சியத்துக்கு நேர்மின் தன்மை. ரெண்டும் ஒட்டிக்கொள்ளும். அதாவது ஏற்கெனவே கெட்ட முடிதான் உப்புத்தண்ணியில் மேலும் அதிகமாகக் கெடுகிறது. கூடவே குளித்துக் காய்ந்ததும் மிச்சமிருக்கும் உப்பு முடிமேல் படிந்து, ஒன்றோடொன்று உரச வைக்கும்.

கண்டிஷனர் உண்மையில் என்ன செய்யும்?

கண்டிஷனரின் முக்கியச் சரக்கு, நேர்மின் தன்மை உள்ள ஒரு வகை வேதிப்பொருள். பாட்டிலின் பின்பக்கம் செட்ரிமோனியம் குளோரைடு, பெஹென்ட்ரிமோனியம் குளோரைடு என்ற பெயர்களில் இருக்கும். முடியில் எங்கே பூச்சு போய் எதிர்மின் தன்மை கூடியிருக்கிறதோ, அங்கே இது தானாகத் தேடிப்போய் ஒட்டும். நல்லா இருக்கிற இடத்தில் குறைவாகவும், கெட்ட இடத்தில் அதிகமாகவும் படியும். கண்டிஷனரைக் கழுவிய பிறகும் அதன் வழவழப்பு மிச்சமிருப்பது இதனால்தான்.

கூடவே செட்டைல் ஆல்கஹால், ஸ்டீரைல் ஆல்கஹால் இருக்கும். பெயரில் ஆல்கஹால் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இவை மெழுகு போன்ற கொழுப்புப் பொருட்கள், முடியை உலர்த்தாது. டைமெத்திகோன் என்று போட்டிருந்தால் அது சிலிக்கான். உரசலைக் குறைக்கும், பளபளப்பு தரும்.

கண்டிஷனர் பொதுவாக லேசான அமிலத்தன்மையோடு தயாரிக்கப்படுகிறது. இது செதில்கள் படிந்து இருக்க உதவும்.

இப்போ விளம்பரத்துக்கு வருவோம். 'ரிப்பேர்', 'உயிரூட்டும்', 'நுனிப் பிளவைச் சரிசெய்யும்' என்றெல்லாம் போட்டிருப்பார்கள். உயிர் இல்லாத இழைக்கு உயிரூட்ட முடியாது. பிளந்த நுனியைக் கொஞ்ச நேரம் ஒட்டிவைக்கலாம், அடுத்த குளியலில் மறுபடி பிரியும். அதற்கு ஒரே தீர்வு கத்தரிதான். கண்டிஷனர் செய்வது புதிய சேதத்தைத் தடுப்பது. சிக்கு குறையும், சீப்பு இழுக்கும்போது முடி அறுந்துபோவது குறையும். அது பெரிய விஷயம்தான். ஆனால் அதற்கு 50 ரூபாய்ப் பாட்டிலும் போதும், 800 ரூபாய்ப் பாட்டில்தான் வேண்டும் என்பதில்லை. அடிப்படைச் சரக்கு பெரும்பாலும் ஒரே வகைதான்.

உப்புத்தண்ணியால் முடி கொட்டுமா?

இதை நம்ம ஊரிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். கோவையைச் சேர்ந்த மருத்துவர்கள் 2013-ல் ஒரு ஆய்வை வெளியிட்டனர். 15 பேரின் முடியை எடுத்து, ஒரு பகுதியைக் கடினத் தண்ணீரிலும் மறுபகுதியைக் காய்ச்சி வடித்த நீரிலும் பல நாட்கள் ஊறவைத்து எடுத்துச் சோதித்தனர். முடியின் இழுவை வலிமையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை என்பது முடிவு.

பாகிஸ்தானில் 2018-ல் 70 ஆண்களின் முடியை வைத்து நடந்த ஆய்வோ, கடினத் தண்ணீரில் முடியின் வலிமை குறைந்தது என்று சொன்னது.

ரெண்டில் எதை எடுத்துக்கொள்வது? கோவை ஆய்வில் பயன்படுத்திய தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமைக் கொஞ்சம் தாண்டியதுதான். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் அதைவிடப் பல மடங்கு கடினமாக இருக்கலாம். அதனால் அந்த முடிவை அப்படியே நம்ம கரைக்குப் பொருத்த முடியாது. ஆனால் ஒன்று கவனிங்க. ரெண்டு ஆய்வும் பேசுவது முடி இழையின் வலிமை பற்றி. வேரோடு முடி கொட்டுவது பற்றி அல்ல.

இந்த வித்தியாசம்தான் மிக முக்கியம். சீப்பில் வரும் முடியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்க.

ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால், அது வேரோடு உதிர்ந்த முடி. தினமும் 50 முதல் 100 முடி இப்படி உதிர்வது இயல்பு.

குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக, நீளம் குறைவாக இருந்தால், அது நடுவில் அறுந்த முடி. தண்ணீர், சிக்கு, சூடு, சாயம் இவற்றின் வேலை. கண்டிஷனர் உதவுவது இதற்குத்தான்.

வேரோடு கொத்துக் கொத்தாகக் கொட்டினால் தண்ணீரை மட்டும் குறை சொல்லிக்கொண்டு இருக்கக் கூடாது. ரத்தசோகை, தைராய்டு, பிரசவம் முடிந்து ரெண்டு மூணு மாதம், டெங்கு மாதிரி கடும் காய்ச்சல் வந்து போனது, திடீரென உடம்பைக் குறைத்தது எல்லாமே முடியைக் கொட்டவைக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. "தண்ணி சரியில்லை" என்று எண்ணெய் மாற்றிக்கொண்டே இருக்கும்போது, உள்ளே இருக்கும் ரத்தசோகை கவனிக்கப்படாமலே போய்விடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்ப்பதற்குக் காசு கிடையாது. அதை முதலில் செய்யுங்க.

உப்புத்தண்ணி வீட்டில் எப்படிக் குளிக்கணும்?

1. குளிப்பதற்கு முன் காய்ந்த முடியிலேயே சிக்கு எடுத்துவிடுங்க. நனைந்த முடி இழுபடும், சுலபமாக அறுந்துபோகும்.

2. ஷாம்புவை மண்டைத்தோலில் தேயுங்க. வழிந்து வரும் நுரையே நுனிக்குப் போதும். நீள முடியைத் துணி கசக்குவது போல் கசக்க வேண்டாம்.

3. தண்ணீரை லேசாகப் பிழிந்துவிட்டு கண்டிஷனர் எடுங்க. நடுமுதுகு வரை முடி இருந்தால் ஒரு நெல்லிக்காய் அளவு போதும். காதுக்குக் கீழே இருந்து நுனி வரை தடவுங்க. மண்டைத்தோலில் வேண்டாம், பிசுபிசுப்பாகும்.

4. ரெண்டு மூணு நிமிஷம் விடுங்க. அப்போதே அகலப் பல் சீப்பால் நுனியில் இருந்து மேல் நோக்கிச் சிக்கு எடுங்க.

5. வழக்கமான தண்ணீரில் அலசிவிட்டு, கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணியை முடிமேல் மெதுவாக ஊற்றுங்க. முழுக்குளியலுக்கும் நல்ல தண்ணி தேவையில்லை. காயும்போது முடியில் மிச்சமிருப்பது எந்தத் தண்ணீர் என்பதுதான் விஷயம். கடைசிச் செம்பு நல்ல தண்ணியாக இருந்தால் உப்புப் படிவு கணிசமாகக் குறையும்.

6. துண்டை முறுக்கி அடிக்காமல், ஒற்றி எடுங்க.

மழைக்காலத்தில் இன்னும் நல்லது. மழைத்தண்ணியில் கடினத்தன்மையும் கிடையாது, உப்பும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடித் தண்ணீரை ட்ரம்மில் பிடிக்கும் வீடுகள், அதில் ஒரு பங்கைத் தலைக்கு ஒதுக்கலாம். முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடிங்க.

முக்காடு, ஹிஜாப் அணியும் பெண்களுக்கு ஒரு கூடுதல் கவனம். ஈர முடியோடு தலையை மூடினால் உள்ளே புழுக்கம் தங்கி, பொடுகும் அரிப்பும் கூடும். வெளியே போகிற நாளில் தலைக்குக் குளிப்பதைவிட, முந்தின நாள் சாயங்காலம் குளித்து உலரவிடுவது நல்லது. கொண்டையை இறுக்கிக் கட்டாமல் தளர்த்திக் கட்டுங்க.

கடலில் இறங்குபவர்களுக்கு

மன்னார் வளைகுடா கரையில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் மணிக்கணக்கில் கடல்நீரில் இருப்பவர்கள். தலையில் துணி கட்டினாலும் முடி நனையாமல் இருக்காது. இறங்குவதற்கு முன் முடியில் தேங்காய் எண்ணெய் தடவிப் பின்னிக்கொண்டால், முடி உறிஞ்சும் கடல்நீரின் அளவு குறையும். கரைக்கு வந்ததும் உப்பு காய்வதற்குள் ஒரு செம்பு நல்ல தண்ணியில் அலசிவிட வேண்டும்.

ஒரு சுவாரசியம்: இந்தக் கரையில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் பாசியில் இருந்து கராஜீனன் என்ற பொருள் எடுக்கப்படுகிறது. சாப்பாட்டுப் பொருட்கள், பற்பசை, அழகு சாதனப் பொருட்களைக் கெட்டியாக்க அது பயன்படுகிறது.

வீட்டு வைத்தியத்தில் எது சரி?

தேங்காய் எண்ணெய்: சரி. மும்பையில் 2003-ல் வெளியான ஆய்வு தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய்களை ஒப்பிட்டது. முடியில் இருந்து புரதம் கரைந்து போவதைத் தடுத்தது தேங்காய் எண்ணெய்தான். அதில் உள்ள லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவக்கூடியது. அந்த ஆய்வைச் செய்தது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்க. குளிப்பதற்கு முன் தடவுவதுதான் சிறந்தது.

சீயக்காய், அரப்பு: உப்புத்தண்ணியில் சோப்பைவிட மேல், சோப்புப் பிசுக்கு ஆகாது. ஆனால் இவை அழுக்கு எடுப்பவை. கண்டிஷனருக்கு மாற்று அல்ல. நல்லா சலித்த தூளாக இல்லாவிட்டால் துகள் சிக்கிக்கொள்ளும்.

செம்பருத்தி இலை, வெந்தயம்: அரைத்தால் வரும் வழவழப்பு முடியின் மேல் மெல்லிய படலமாகப் படியும். சிக்கு எடுக்க உதவும். முடி வளர்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வடிகஞ்சி: நல்லா நீர்க்க இருந்தால் வழவழப்பு தரும். கெட்டியாகப் போட்டால் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி முடியும் விறைக்கும்.

முட்டை: முட்டைப் புரதத்தின் மூலக்கூறு பெரிது, முடிக்குள் போகாது. வெந்நீரில் அலசினால் தலையிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். சாப்பிட்டால்தான் லாபம்.

வினிகர்: ஒரு லிட்டர் நல்ல தண்ணியில் ஒரு டேபிள்ஸ்பூன். மாதம் ஒன்றிரண்டு முறை அலசினால் கால்சியப் படிவு கரையும். கண்ணில் படக் கூடாது. தலையில் புண் இருந்தால் வேண்டாம். எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போவது ஆபத்து, தோலில் கொப்புளம் வரலாம்.

ஷவர் ஃபில்டர் வாங்கலாமா?

குழாய் முனையில் மாட்டும் சின்ன ஃபில்டர்கள் பெரும்பாலும் குளோரின், துரு, மண் இவற்றைத்தான் குறைக்கும். கரைந்த உப்பை எடுக்காது. கடினத்தன்மையை எடுக்க 'சாஃப்ட்னர்' என்ற தனிக் கருவி வேண்டும். அதுவும் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை விடும். உவர்ப்பு அப்படியே இருக்கும். உவர்ப்பையும் எடுக்க ஆர்ஓ வேண்டும். அதில் கழிவாகப் போகும் தண்ணீரும் அதிகம்.

கொதிக்க வைத்தால் ஒரு வகைக் கடினத்தன்மை மட்டும் குறையும். உப்பு போகாது. படிகாரம் கலங்கலைத் தெளியவைக்கும், கடினத்தன்மையை எடுக்காது. கடைக்காரர் "டிடிஎஸ் குறையும்" என்று சொன்னால், மீட்டர் வைத்து முன்னும் பின்னும் அளந்து காட்டச் சொல்லுங்க.

பார்லர் 'ஸ்மூத்தனிங்': இங்கேதான் உஷார்

கல்யாண சீசனில் ஸ்மூத்தனிங், கெரட்டின் ட்ரீட்மென்ட் என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். பெயரில் கெரட்டின் இருந்தாலும், முடியை நேராக்குவது பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு அல்லது கிளையாக்ஸிலிக் அமிலம் போன்ற வேதிப்பொருளும் சூடும்தான். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டுள்ளது.

கிளையாக்ஸிலிக் அமிலமும் பாதுகாப்பானது அல்ல. 26 வயதுப் பெண் ஒருவருக்கு 2020, 2021, 2022 என மூன்று முறை முடி நேராக்கும் சிகிச்சை செய்த பிறகு, மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. பிரான்ஸ் மருத்துவர்கள் இதை 2024-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் பதிவு செய்தனர். இஸ்ரேலிலும் முடி நேராக்கிய பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 26 பேரைப் பற்றி ஆய்வு வெளியானது.

பார்லரில் உட்காரும் முன் பாட்டிலைக் கேட்டு வாங்கிப் படிங்க. இந்தப் பெயர்கள் இருந்தால் எழுந்து வந்துவிடுங்க. செய்த பிறகு வாந்தி, வயிற்று வலி, முதுகு வலி வந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்க. என்ன சிகிச்சை செய்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்க. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் பக்கமே போக வேண்டாம்.

மொத்தத்தில்...

உப்புத்தண்ணி வரும் வீட்டில் முடியை மென்மையாக வைத்திருக்க நாலு விஷயம் போதும். குளிக்கும் முன் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், மண்டைத்தோலுக்கு மட்டும் ஷாம்பு, நுனிக்கு ஒரு நெல்லிக்காய் அளவு சாதாரண கண்டிஷனர், கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணி. இதையும் தாண்டி முடி வேரோடு கொட்டினால் அடுத்த பாட்டில் வாங்குவதை நிறுத்திவிட்டு, ரத்தப் பரிசோதனைக்குப் போங்க.